மூன்று நிறத்தில் ஓர் அமெரிக்கா: ஒரு பாடப் பெட்டியோடு கோத்தகிரியில் ஓராண்டு

சென்ற ஆண்டு ஜூன் மாதம் எங்கள் வகுப்புக்காக ஒரு வரலாற்றுப் பாடப் பெட்டி வாங்கினேன். 1800 முதல் 1850 வரை அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மேற்கும் எப்படி வேறுபட்டிருந்தன என்பதை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கான பெட்டி. அனுப்பும் செலவோடு 9,600 ரூபாய் ஆயிற்று. பாதியைப் பள்ளி கொடுத்தது, மீதியை நான் போட்டேன். இரண்டு வகுப்புகளில் ஓராண்டு முழுவதும் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். பதிப்பகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே அமைப்பில் பலரும் பெட்டி விற்கிறார்கள். வாங்கப்போகும் ஆசிரியர் எதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வதுதான் என் வேலை.

தேயிலைத் தோட்டத்து நடுவில் அமெரிக்க வரலாறு எதற்கு என்று ஊரில் கேட்பவர்கள் உண்டு. எங்கள் மேல்வகுப்புகளுக்கு வெளிநாட்டுப் பாடத்திட்டம். 1861-இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணங்கள் தேர்வில் வரும். போருக்கான விறகு அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அடுக்கப்பட்டது. அதைப் புரிந்துகொள்ளாமல் காரணங்களை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளை நான் பத்தொன்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். "வடக்கு: தொழிற்சாலை. தெற்கு: தோட்டம். மேற்கு: பண்ணை." மூன்று வரி எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அந்த மூன்று வரியைத் தாண்டிச் செல்ல உதவும் என்று நம்பித்தான் பெட்டியை வாங்கினேன்.

கூரியர் மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிட்டது. ஒரு சனிக்கிழமை மலையிறங்கிப் போய் வாங்கி, கோத்தகிரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே ஒரு பெரிய சுவர் வரைபடம், 60 சரக்கு அட்டைகள், மாணவர்கள் ஏற்று நடிப்பதற்கான 24 பாத்திர அட்டைகள், 12 ஆவண நகல்கள், ஓர் ஆசிரியர் கையேடு. சரக்கு அட்டைகளில் நான்கு குறைந்தன. மின்னஞ்சல் எழுதினேன். ஆறு வாரம் கழித்து அவை வந்தன, மன்னிப்புக் கடிதமும் கூடவே வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வரைபடத்தில்தான். முதலில் காகிதம். ஒரு பக்கம் மட்டுமே பிளாஸ்டிக் பூச்சு. ஜூலை மாத மேகம் வகுப்பறைக்குள் நுழைந்து போகிற ஊர் இது. பத்தே நாளில் நான்கு மூலைகளும் அப்பளம்போலச் சுருண்டன. இரண்டு பக்கமும் பூச்சுப் போட்டுத் தர குன்னூரில் 350 ரூபாய் வாங்கினார்கள். மலையில் வேலை செய்யும் ஆசிரியர்கள் பெட்டி வந்த அன்றே இதைச் செய்துவிடுங்கள்.

காகிதத்தைச் சரிசெய்துவிடலாம், உள்ளே அச்சடித்ததை என்ன செய்வது? வரைபடத்தின் தலைப்பு '1820'. மூன்று பகுதிக்கும் மூன்று நிறம், ஆனால் டெக்சாஸ் தெற்கின் நிறத்தில் இருக்கிறது. 1820-இல் அது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த நிலம். மறு ஆண்டு மெக்சிகோவோடு போயிற்று, 1836-இல் தனிக் குடியரசு ஆயிற்று, 1845-இல்தான் அமெரிக்காவோடு இணைந்தது. டெக்சாஸை அடிமைமுறை மாநிலமாகச் சேர்ப்பதா என்பதே பெரிய சண்டை. அந்தச் சண்டை தொடங்கும் முன்பே வரைபடம் தீர்ப்பு எழுதிவிட்டது. ஒரு மாணவி பாடநூலோடு ஒப்பிட்டு இதைக் கண்டுபிடித்தாள். வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டி மறைத்தோம்.

மிசூரி விஷயத்தில் வரைபடம் சரி, கையேடு கைவிட்டுவிடுகிறது. 1820-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி, பிரான்சிடமிருந்து வாங்கிய லூசியானா நிலப்பரப்பில் 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை கூடாது. மிசூரியோ கோட்டுக்கு வடக்கேதான் இருக்கிறது, ஆனால் அங்கே அடிமைமுறைக்கு அனுமதி. "மிஸ், அச்சுப்பிழையா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். பிழையில்லை, விதிவிலக்கு. 1819-இல் சுதந்திர மாநிலங்கள் பதினொன்று, அடிமைமுறை மாநிலங்கள் பதினொன்று என்று செனட் சபையில் தராசு சமமாக நின்றது. மிசூரியை அடிமைமுறையோடு ஏற்று, மெய்னை அது இல்லாமல் ஏற்று, தராசைச் சாயாமல் பிடித்துக்கொண்டார்கள். கையேட்டில் இதற்கு இரண்டே வரி. நான் ஒரு முழு வகுப்பு எடுத்துக்கொண்டேன். அதே 1819-இல்தான் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் எங்கள் மலைக்கு ஏறி வந்தார். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீட்டை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்குக் கல் சுமந்துகொண்டிருந்த நாட்களில் வாஷிங்டனில் இந்தத் தராசைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னபோது காலம் அவர்கள் கைக்கு எட்டியது.

இனி, பெட்டிக்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று நான் சொல்லக் காரணமான பொருளுக்கு வருகிறேன். அந்த 60 சரக்கு அட்டைகள்.

பருத்திப் பொதி, கோதுமை, சோளம், உப்புக்கண்டப் பன்றியிறைச்சி, விஸ்கி, புகையிலை, துணி, செருப்பு, கலப்பை, கடிகாரம் என்று ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பொருளும், அது எங்கே விளைந்தது, யார் வாங்கினார்கள் என்ற குறிப்பும் இருக்கின்றன. கையேடு இவற்றை அந்தந்தப் பகுதியின் நிறத்தின்மேல் அடுக்கி வைக்கச் சொல்கிறது. அப்படி அடுக்கினால் பழைய மூன்று வரிதான் திரும்ப வரும். நான் சந்தையில் சிவப்புக் கம்பளி நூல் வாங்கி, ஒவ்வொரு சரக்கும் போகிற பாதையை வரைபடத்தின்மேல் நூலால் கட்டச் சொன்னேன்.

அதற்கு முன் 'மேற்கு' என்ற சொல்லையே அவிழ்க்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் மனத்தில் மேற்கு என்றால் பாலைவனமும் குதிரைக்காரனும். 1820-இல் மேற்கு என்றால் ஓஹையோ, இந்தியானா, இல்லினாய், கென்டக்கி, டென்னசி. தமிழில் கீழ் என்பதிலிருந்து கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு. மேற்கே மலை உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கிச் சரிந்த நிலத்தில் பிறந்த சொற்கள் அவை. வர்ஜீனியாவிலோ மேரிலாந்திலோ கடற்கரையில் நின்ற குடியானவனுக்கும் மேற்கு என்றால் மேலேதான்; அப்பலாச்சியன் மலைத்தொடரை ஏறிக் கடக்க வேண்டும். கடந்துவிட்டால் ஆறுகள் மறுபக்கம் ஓடுகின்றன. ஓஹையோ ஆறு மிசிசிப்பியில் சேர்கிறது, மிசிசிப்பி தெற்கே நியூ ஆர்லியன்ஸைத் தாண்டிக் கடலில் விழுகிறது.

கூடலூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவன் இதை எனக்கு முன்பே பிடித்துக்கொண்டான். பவானியும் மோயாறும் கிழக்கே போய்க் காவிரியில் சேர்கின்றன. அவன் வீட்டுப் பக்கம் பாண்டியாறும் புன்னப்புழையும் சாலியாறாகி அரபிக்கடலுக்குப் போகின்றன. "எங்கள் ஊரில் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கேரளப் பக்கம்தான் இறங்குவோம், மிஸ். ஊட்டிக்கு வருவது கலெக்டர் ஆபீஸுக்கு மட்டும்" என்றான். கோத்தகிரிப் பிள்ளைகளுக்கு அது புதுச்செய்தி. அவர்கள் கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கல்லவா போகின்றன. ஒரே மாவட்டம், ஒரே பச்சை நிறம், சரக்கு இறங்குவதோ இரண்டு திசையில்.

பிறகு ஈரி கால்வாயை எடுத்தேன். 1817-இல் தொடங்கி 1825-இல் முடிந்தது. ஆல்பனியிலிருந்து பஃபலோ வரை 363 மைல், ஏறத்தாழ 584 கிலோமீட்டர். அதுவரை ஈரி ஏரிக்கரையிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கை அனுப்ப 100 டாலர் அளவுக்கு ஆன செலவு 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பிள்ளைகளிடம் நூலை அவிழ்க்கச் சொன்னேன். ஓஹையோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் போன கோதுமை நூல்களில் சிலவற்றை அவிழ்த்து ஏரி வழியாக நியூயார்க்குக்குக் கட்டினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு பெண் கேட்டாள்: "அப்படியானால் போர் வந்தபோது ஓஹையோ எந்தப் பக்கம் நின்றது?" பத்தொன்பது ஆண்டுகளில் யாரும் என்னிடம் அந்தக் கேள்வியை அந்த இடத்தில் கேட்டதில்லை. ஒரு பகுதி யாரோடு நிற்கும் என்பதில் அதன் சரக்கு போகிற திசைக்கும் பங்கு உண்டு என்று அவள் கை நூலைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே அவளுக்குப் பட்டுவிட்டது. கால்வாய் ஒரே நாளில் எல்லாவற்றையும் திருப்பிவிட்டதுபோலக் கையேடு எழுதுகிறது. அது தவறு. நியூ ஆர்லியன்ஸ் வணிகமும் அதற்குப் பின் பல்லாண்டு வளர்ந்தது. அதனால் தெற்கு நூல்களையும் விட்டுவைத்தோம்.

மற்றொரு நூல் என்னையே உலுக்கியது. 'முரட்டுத் துணி' என்ற அட்டை. ரோட் தீவு உள்ளிட்ட வடக்கு மாநில ஆலைகளில் அடிமைகளுக்கென்றே மலிவான முரட்டுத் துணி நெய்து தெற்கே விற்றார்கள். அடிமைகள் பறித்த பருத்தி வடக்கே போய், துணியாகி, அடிமைகள் முதுகுக்கே திரும்பிவந்தது. வடக்கு வேறு, தெற்கு வேறு என்று இரண்டு நிறம் பூசிய வரைபடத்தின்மேல் அந்த நூல் போவதும் வருவதுமாக இரட்டையாகக் கிடந்தது. மாசசூசெட்ஸில் லோவல் ஆலைகளின் பெண்கள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்கள். கூலிக் குறைப்பை எதிர்த்து 1834-இலும், விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து 1836-இலும் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். அவர்கள் கையிலும் அந்தப் பருத்திதான். சுதந்திர வடக்கு, அடிமைத் தெற்கு என்று பிரித்து எழுதிவிட்டு நகர்ந்துவிட இந்த அட்டை விடாது. பெட்டியைத் தயாரித்தவர்களை இதற்காக மனதாரப் பாராட்டுகிறேன்.

சுங்கத் தீர்வை பற்றிய விவாதம் பாத்திர அட்டைகளில் வருகிறது. வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து வாதாட வேண்டும். பச்சைத் தேயிலைக்கு விலை கட்டுப்படியாகாத துக்கம் தினமும் பேசப்படும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது கதையில்லை. தொட்டபெட்டாவுக்குக் கீழே ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வரும் மாணவன் சொன்னான்: "வெளித் தேயிலை வராமல் வரி போட வேண்டும் என்று அப்பா சொல்வார். உர விலை ஏறினால் வெளியிலிருந்து மலிவாக வரவிட வேண்டும் என்பார்." அவ்வளவுதான் 1828-ஆம் ஆண்டுத் தீர்வைச் சண்டை. வடக்கின் ஆலைக்காரருக்குப் பிரிட்டிஷ் துணி வரக்கூடாது. தெற்கின் தோட்டக்காரர் பருத்தியைப் பிரிட்டனுக்கு விற்பவர், அங்கிருந்து வருவதை மலிவாக வாங்க விரும்புபவர். தென் கரோலினா 1832-இல் அந்தச் சட்டம் தங்கள் எல்லைக்குள் செல்லாது என்று அறிவிக்கும் அளவுக்குப் போயிற்று. மறு ஆண்டு ஹென்றி கிளே முன்வைத்த சமரசத்தில் ஓய்ந்தது.

பாத்திர அட்டைகளில் அந்நாளைய அரசியல் தலைவர்களான கால்ஹூனுக்கு 'தீர்வை எதிர்ப்பாளர்' என்றும் வெப்ஸ்டருக்கு 'தீர்வை ஆதரவாளர்' என்றும் முத்திரை குத்தியிருக்கிறார்கள். இது போதாது. தெற்கின் கால்ஹூன் 1816-இல் தீர்வையை ஆதரித்தார். நியூ இங்கிலாந்தின் வெப்ஸ்டர் 1824-இல் எதிர்த்தார், அப்போது அவர் ஊரில் கப்பல் வணிகத்தின் குரல் ஓங்கியிருந்தது. 1828-க்குள் ஆலைகள் பெருகிவிட, இருவரும் இடம் மாறி நின்றார்கள். ஆளுக்கு இரண்டு அட்டையாக நானே ஆண்டு போட்டு எழுதிக்கொண்டேன். ஒரே மனிதர் இரண்டு ஆண்டுகளில் இரண்டு விதமாகப் பேசுவதை நடித்துக் காட்டியபோது வகுப்பு வாதத்தில் கொதித்தது.

இனிச் சொல்லப்போவதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். தெற்குக்கு எட்டு பாத்திர அட்டைகள். தோட்ட முதலாளி, அவர் மனைவி, பருத்தித் தரகர், வழக்கறிஞர், சிறு விவசாயிகள் இருவர். அடிமைகளாக இருந்தவர்களுக்கு இரண்டு. அந்த இரண்டிலும் பெயர் இல்லை, 'தோட்டத் தொழிலாளி' என்று மட்டும். தொழிலாளி என்ற சொல்லுக்கு இந்த மலையில் ஒரு பொருள் உண்டு. கூலி, சங்கம், போனஸ், வேலைநிறுத்தம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. விற்கப்பட்ட மனிதரை அந்தச் சொல்லால் அழைத்தால் பிள்ளைகள் ஏமாற்றப்படுகிறார்கள். 1790-இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860-இல் ஏறத்தாழ 40 லட்சம். 1808-இலேயே வெளியிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டது. அதன்பின் உள்நாட்டுச் சந்தை பெருகியது. வர்ஜீனியா, மேரிலாந்து பக்கத்திலிருந்து பருத்தி நிலங்களுக்குப் பத்து லட்சம் அளவிலான மனிதர்கள் குடும்பம் பிரித்துக் கொண்டுபோகப்பட்டார்கள். 60 சரக்கு அட்டைகளில் இந்த வணிகத்துக்கு ஓர் அட்டைகூடக் கிடையாது. மனிதரைச் சரக்கு அட்டையாக அச்சிடத் தயங்கினார்கள் என்றால் புரிந்துகொள்கிறேன். ஆனால் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்க வேண்டும். நாங்கள் அந்தப் பாதைக்குக் கறுப்பு நூல் கட்டினோம்.

பெயரில்லாத இரண்டு அட்டைகளுக்குப் பதிலாக அடிமையாகப் பிறந்து, பின்னாளில் அடிமை ஒழிப்புக்காகப் பேசிய ஃபிரெடரிக் டக்ளஸுக்கு இரண்டு அட்டை எழுதினேன். ஒன்றில் பால்டிமோர். கப்பல் பலகை இடுக்குகளை அடைக்கும் வேலை செய்து, வாரக் கூலியைக் கொண்டுபோய் எஜமானனிடம் கொடுக்கிறார். தெற்கு என்றால் பருத்திக் காடு மட்டும்தான் என்ற எண்ணம் அங்கே உடைகிறது. 1838-இல் தப்பி வடக்கே போகிறார். மற்றோர் அட்டையில் நியூ பெட்ஃபோர்ட். அதே வேலை தேடிப் போனால், அவரைச் சேர்த்தால் வெள்ளைத் தொழிலாளர்கள் கருவியைக் கீழே வைத்துவிடுவார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். வடக்கும் அங்கே உடைகிறது.

அந்த வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தங்கிவிட்டாள். 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பாட்டி கண்டியில் பிறந்தவர். "கங்காணி கூட்டிக்கொண்டு போனதும் இதேதானா?" என்று கேட்டாள். அவளை அவசரமாகச் சமாதானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோன கங்காணியின் கடன் தலைமுறைகளைக் கட்டிப்போட்டது, வழியில் பலர் மாண்டார்கள், அது பெருங்கொடுமை. ஆனாலும் தாயின் வயிற்றிலிருந்த குழந்தையே ஒருவனின் சொத்து என்று சட்டம் எழுதிவைத்த ஏற்பாடு வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் இரு தரப்பாரின் துயரமும் மங்கிப்போகும் என்றேன். மறுவாரம் அவள் பாட்டியிடம் கேட்டு எழுதிய நான்கு பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது இப்போது பெட்டியோடு ஓர் உறையில் இருக்கிறது, அவள் அனுமதியோடு.

மேற்கின் பாத்திர அட்டை ஒன்றில் 'ஆளில்லா நிலம்' என்று இருந்தது. எடுத்துவிட்டேன். கோத்தர்களின் பெயரைத் தாங்கிய ஊரில் உட்கார்ந்து அதைப் படிக்க முடியாது. சல்லிவன் வருமுன் இங்கே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் எல்லாரும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களுக்குச் செக்கோயா 1821-இல் எழுத்து வகுத்துக்கொடுத்தார். 1828-இல் அந்த எழுத்தில் வார இதழ் அச்சாயிற்று. 1830-இல் பழங்குடியினரை வெளியேற்றும் சட்டம் வந்தது, 1838-39-இல் ஏறத்தாழ 16,000 பேர் துரத்தப்பட்டு, 4,000 பேர் அளவுக்கு மாண்டார்கள். பெட்டியில் இதற்குக் கிடைத்த இடம் ஒரு ஆவண நகல். தெற்கின் பருத்தி விரிந்த நிலத்தில் பெரும்பகுதி இப்படி வெறுமையாக்கப்பட்டதுதான். இதை விட்டுவிட்டுப் பகுதி வேறுபாடு கற்பித்தால் கணக்கில் பாதி வரவு காணாமல் போகும்.

கடைசியாக ஒரு குறை, மலையில் வாழ்பவளாக எனக்குப் பெரிது. தெற்கு முழுவதும் ஒரே நிறம். கிழக்கு டென்னசி, மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதிகளில் சிறு காடுகழனி வைத்திருந்தவர்கள்தான் மிகுதி, பெருந்தோட்டமும் அடிமைகளும் குறைவு. போர் வந்தபோது வர்ஜீனியாவின் மலைப்பகுதி பிரிந்து 1863-இல் தனி மாநிலம் ஆயிற்று. சமவெளியில் உட்கார்ந்து வரைபடம் போட்டவர்கள் மலையையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். மலைக்காரர்கள் எல்லாரும் அடிமைமுறையை அறத்துக்காக எதிர்த்தவர்கள் என்றும் சொல்லக்கூடாது. பலருக்குச் சமவெளி முதலாளியின் மேலிருந்த கசப்புதான் காரணம். இதையும் பிள்ளைகளிடம் சொன்னேன்.

பெட்டிக்குள் இல்லாத ஓர் அட்டையை நான் சேர்த்ததையும் எழுதிவிடுகிறேன். 1840-களில் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் சிலரைக் கிழக்கிந்தியக் கம்பெனி வரவழைத்து இந்தியாவில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட முயன்றது. கோயம்புத்தூரில் 1842 முதல் அந்தச் சோதனைப் பண்ணைகளைக் கவனித்தவர் தாவரவியலாளர் ராபர்ட் வைட், நீலகிரிச் செடிகளைப் படத்தோடு நூலாக்கியவர் அவரேதான். வரைபடத்தின் ஓரத்தில் கோயம்புத்தூரை ஒரு சிறு வட்டமாக வரைந்து, தெற்கிலிருந்து ஒரு நூலை அதுவரை இழுத்துக் கட்டினோம். சுவரில் இடம் போதாமல் ஜன்னல் கம்பி வரை போயிற்று.

மூன்று வகுப்பு நேரம் போதும் என்கிறது கையேடு. எனக்கு ஒன்பது ஆயிற்று. ஆண்டுக்கு ஒன்பது வகுப்பைக் கொடுக்க முடியாத ஆசிரியர் இதை வாங்க வேண்டாம். வாங்குகிறவர், சரக்கு அட்டைகளைத் தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள், விற்றால் அதை மட்டும் வாங்குங்கள். வெறும் எல்லைக்கோடு உள்ள வரைபடத்தைப் பெரிதாக நகலெடுத்துக்கொண்டால் போதும். ஆவண நகல்கள் நல்ல தாளில், படிக்கும்படியாக இருக்கின்றன. பாத்திர அட்டைகளை உங்கள் கையால் திருத்தாமல் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

பெட்டி இந்த வாரம் கூடலூரில் ஓர் ஆசிரியரிடம் இருக்கிறது. என் அட்டைகளையும், கறுப்பு நூல் ஓர் உருண்டை, சிவப்பு இரண்டு உருண்டைகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். செப்டம்பரில் திரும்பி வந்துவிடும். அதற்குள் டெக்சாஸின்மேல் ஒட்டிய தாள் உரிந்திருந்தால் மறுபடி ஒட்ட வேண்டும்.